தித்தன் காணாத மற்போர்



புறநானூற்றின் 80ஆம் பாட்டு முதல் 85ஆம் பாட்டு வரையுள்ள ஆறும் ஒரே மல்லனைப் பற்றியவை. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு மனம் மாறுபட்டு நாட்டை விட்டு நீங்கியவன். முக்காவனாட்டு ஆமூரில் பெயர்பெற்ற மல்லன் ஒருவனோடு பொருது, அவனை வீழ்த்திக் கொன்றவன். அந்தப் போரைச் சாத்தந்தையார் பாடினார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து நிற்கும் இளைஞனைக் காட்டிய புலவர், அங்கே இல்லாத ஒருவரை நினைக்கிறார். தித்தன் அருளினாலும் சரி, அருளாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியை அவன் ஒருமுறை கண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். வென்றவனின் வெற்றியை அயலார் கண்டால் போதாது. அவனைப் பெற்றவனும் காண வேண்டும் என்பது கருத்து.

அதே மல்லனை விரும்பிய நக்கண்ணையார் மூன்று பாட்டுகள் பாடினார். அவற்றுள் 85ஆம் பாட்டின் கருத்து இங்கே இன்றியமையாதது. தலைவன் பிறந்த மண் இதுவன்று; ஆகவே களத்தைச் சூழ்ந்து நிற்போர் இரு பிரிவாகி, ஒரு சாரார் வென்றான் என்கின்றனர், மறுசாரார் வெல்லவில்லை என்கின்றனர் என்று அத்தலைவி கூறுகிறாள். அயலூர் மல்லனின் வெற்றியை ஊர் முழுமனத்தோடு ஒப்புக்கொள்வதில்லை. இஃது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் கூர்ந்த பார்வை.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு மல்லன் இருந்தான். அவனும் அயல் மண்ணில் பொருதவனே. ஆயினும் அவனைச் சூழ்ந்து நின்ற மக்கள் இரு சாராராகப் பிரியவில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே குரலில் வென்றான் என்று முழங்கினர். அவன் தங்கள் மண்ணில் பிறந்தவன் அல்லன் என்பது அவர்களுக்குத் தெரியாமையே அதற்குக் காரணம். தெரியாமல் காப்பதே அவன் வாழ்நாள் முழுதும் சுமந்த சுமை. அவன் பெயர் ரிக்கிடோசான். தொழில்முறை மல்லனாக அவன் அரங்கில் நின்ற காலம் 1951 முதல் 1963 வரை, பன்னிரண்டே ஆண்டுகள்.

பிறப்பும் பெயர்களும்

ரிக்கிடோசானின் இயற்பெயர் கிம் சின்ராக். பதிவுகளின்படி 1924 நவம்பர் 14 அன்று கொரியாவின் தென் ஹாம்கியோங் மாகாணத்தில், உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1910ஆம் ஆண்டிலிருந்து கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொரியர்க்கெனத் தொன்மையான மற்போர் ஒன்று உண்டு. அதன் பெயர் சிரும். இடுப்பிலும் தொடையிலும் கட்டிய துணிப்பட்டையைப் பற்றிக்கொண்டு, மணற்பரப்பில் ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வது அதன் முறை. அவர் வீட்டில் தமையனும் மல்லர். இளையவரும் சிறுவயதிலேயே சிரும் களத்தில் பெயர் பெற்றார். அங்கே அவரைக் கண்ட ஜப்பானியர் ஒருவர் வழியாகச் சுமோ மல்லர் குழு ஒன்றில் சேர்வதற்காகக் கடல் கடந்தார்.

அந்த ஆண்டு 1940. கொரியர் தம் குடிப்பெயரை விடுத்து ஜப்பானிய முறையில் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆட்சியாளர் நெருக்கிய ஆண்டும் அதுவே. கிம் சின்ராக் கானமுரா மிட்சுஹிரோ ஆனார். சுமோ அரங்கில் ரிக்கிடோசான் என்ற பெயர் கிடைத்தது. அப்பெயரின் மூன்று எழுத்துகளும் முறையே வலிமை, நெறி, மலை எனப் பொருள்படும். பின்னர் நாகசாகி மாவட்டத்து ஓமுரா ஊரைச் சேர்ந்த மொமோட்டா குடும்பப் பதிவேட்டில் ஏறி, மொமோட்டா மிட்சுஹிரோ ஆனார். ஓர் உடல், நான்கு பெயர்கள். அவற்றுள் தாய் இட்ட பெயர் ஒன்றே. அதனை உலகம் அறியவில்லை.

சுமோவில் ஒவ்வொரு போட்டிக்கும் முன் மல்லர்களின் தரவரிசைத் தாள் அச்சிடப்படும். பெயரோடு பிறந்த நாடும் அதில் குறிக்கப்படும். ரிக்கிடோசானின் தொடக்க காலத் தாள்களில் கொரியா என்றே இருந்தது. பின்னர் வந்த தாள்களில் அது மறைந்து, நாகசாகிப் பகுதியின் பழம்பெயர் இடம்பெற்றது. பிறந்த ஊர் மாறக்கூடியதன்று. ஆயினும் அச்சுத்தாளில் அது மாறியது.

களிமண் வட்டத்தில் பத்தாண்டு

சுமோவின் களம் 4.55 மீட்டர் குறுக்களவுள்ள களிமண் வட்டம். எதிரியை வட்டத்திற்கு வெளியே தள்ளினாலோ, உள்ளங்கால் தவிர வேறோர் உறுப்பு மண்ணில் படச் செய்தாலோ வெற்றி. பெரும்பாலான போர்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த நொடிகளுக்காக ஓர் இளைஞன் ஆண்டுக்கணக்கில் மூத்தோர்க்கு ஏவல் செய்தாக வேண்டும், சமைக்க வேண்டும், முதுகு தேய்க்க வேண்டும், பயிற்சி என்ற பெயரில் அடி வாங்க வேண்டும். கொரிய இளைஞனுக்கு இவற்றோடு ஏளனமும் சேர்ந்தது.

1946இல் ரிக்கிடோசான் முதல்நிலைப் பிரிவிற்கு உயர்ந்தார். 1949இல் செக்கிவாக்கே என்னும் பட்டம் பெற்றார். அது யோக்கொசுனா, ஓசெக்கி ஆகியவற்றை அடுத்த மூன்றாம் படி. நன்னீர் நண்டின் வழியாக வரும் நுரையீரல் புழு நோய் அக்காலத்தில் அவரைத் தாக்கியது, உடல் மெலிந்தது. 1950இல் யாரும் எதிர்பாராத வகையில் சுமோவை விட்டு விலகினார்.

சுமோ மல்லரின் குடுமி அவருடைய தகுதியின் அடையாளம். ஓய்வு பெறும்போது பெரியோர் பலர் கூடி, ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக அதனைக் கத்தரித்து, இறுதி வெட்டை ஆசிரியரே செய்வார். அது கண்ணீர் பெருகும் சடங்கு. ரிக்கிடோசான் தம் குடுமியைத் தாமே சமையற்கத்தியால் அறுத்தெறிந்தார். நோய் காரணம் என்றனர் சிலர். பணம் பற்றி ஆசிரியரோடு எழுந்த பூசல் என்றனர் சிலர். கொரியர் என்பதால் மேற்படிக்கு உயர்த்த மாட்டார்கள் என்ற கசப்பு என்றனர் வேறு சிலர். எதுவாயினும், சடங்கின்றி வீழ்ந்த அந்தக் குடுமி, தம்மை உரிய முறையில் வழியனுப்ப ஒருவரும் இல்லாத மனிதரின் நிலையைச் சொல்லாமல் சொல்கிறது.

மற்போரும் மல்லாடலும்

அதன்பின் கட்டுமான நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ரிக்கிடோசானுக்கு 1951இல் புதிய வாயில் ஒன்று திறந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் அப்போது அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. அமெரிக்கத் தொழில்முறை மல்லர் குழு ஒன்று டோக்கியோ வந்தது. 1951 அக்டோபர் 28 அன்று, பாபி பிரன்ஸ் என்ற அமெரிக்கரோடு ரிக்கிடோசான் பத்து நிமிடம் பொருதார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சுமோவின் சில நொடிப் போருக்குப் பழகிய உடல் பத்து நிமிடத்தில் மூச்சிரைத்துத் தளர்ந்தது. எனினும் தம் எதிர்காலம் இதுவே என்று அவர் கண்டுகொண்டார். 1952 தொடக்கத்தில் ஹவாய்த் தீவு சென்று, ஓக்கி ஷிக்கினா என்பவரிடம் பயிற்சி பெற்றார். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்று ஓராண்டு கழித்துத் திரும்பினார்.

இந்தப் பயணத்தோடு ஒரு செய்தி பிணைந்துள்ளது. 1952 ஏப்ரல் 28 அன்று ஜப்பான் தன்னாட்சி பெற்றது. அன்றே ஜப்பானில் வாழ்ந்த இலட்சக்கணக்கான கொரியர் ஜப்பானியக் குடியுரிமையை இழந்து அயலாராயினர். மொமோட்டா குடும்பப் பதிவேட்டில் முன்னரே ஏறியிருந்த ரிக்கிடோசான் மட்டும் ஜப்பானியராகவே அயல்நாட்டில் இருந்தார். பெயரை மாற்றிக்கொண்டதை எளிதில் பழித்துவிடலாம். அந்தப் பெயர் இல்லையேல் அவருக்கு அரங்கும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொழில்முறை மல் என்பது யாது? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் மல்லாடலும் ஒன்று. திருமால் மல்லனாய் வாணனை அழித்ததைக் காட்டும் ஆடல் அது. போர் வேறு, போரைக் காட்டும் ஆடல் வேறு. தொழில்முறை மல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதில் யார் வெல்வது என்பது பெரும்பாலும் முன்னரே பேசி முடிக்கப்படும். ஆனால் தூக்கி எறியப்படும் உடல் உண்மையானது. வீழும் பலகை உண்மையானது. வலியும் குருதியும் பலவேளை உண்மையே. முடிவு முன்னரே தெரிந்தது என்பதால் கூத்தைப் பொய் என்று தள்ளுவார் இல்லை. இதனையும் அங்ஙனமே நோக்குதல் தகும். ஒரு சமூகம் எந்தக் கதையைக் காண ஏங்குகிறதோ, அந்தக் கதையை உடலால் நடித்துக் காட்டுவதே இக்கலை.

தெருவில் திரண்ட மக்கள்

1954ஆம் ஆண்டின் ஜப்பான் எந்தக் கதையைக் காண ஏங்கியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தோல்வியும் அயலாட்சியும் கண்டு சலித்த மக்கள். ரிக்கிடோசான் அவர்களுக்கான கதையை அமைத்தார். 1953இல் சங்கம் ஒன்றை நிறுவினார். 1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமே அரங்கில், ஜூடோ வல்லுநர் கிமுரா மசாஹிக்கோவைத் துணையாகக் கொண்டு, பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்னும் உடன்பிறந்தாரை எதிர்கொண்டார். எதிரிகள் இருவரும் மலைபோன்ற உடலினர், வெள்ளையர். ஜப்பானியரோ தோளளவே உயரமுடையவர்.

அரங்கினுள் இருந்தோரைவிட வெளியே இருந்தோரே மிகுதி. ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. 1953 பிப்ரவரியில் தொடங்கியபோது ஒளிபரப்பை முறையாகப் பெற்ற வீடுகள் 866 மட்டுமே. எனவே தனியார் நிலையம் ஒன்று தொடர்வண்டி நிலையங்களின் முன்னும் சதுக்கங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளை உயரத்தில் நிறுவியிருந்தது. ஷிம்பாஷி நிலையத்தின் முன் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடினர் என்று சொல்லப்படுகிறது. சிலர் மரங்களில் ஏறினர். அங்கே அவர்கள் கண்டது, கிமுரா அடிபட்டுத் துவளும்போது, கறுப்புக் காலுறை அணிந்த ரிக்கிடோசான் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, உள்ளங்கையின் ஓரத்தால் வெள்ளையரின் மார்பில் அறைந்து அறைந்து வீழ்த்தும் காட்சி. கராத்தே வெட்டு என்று அது பெயர் பெற்றது. உண்மையில் சுமோவின் கைவீச்சிலிருந்து அவரே வடித்துக்கொண்டது அது.

இதில் மூன்று புனைவுகள் அடங்கியிருந்தன. ஷார்ப் உடன்பிறந்தார் அமெரிக்கர் அல்லர், கனடா நாட்டினர். கராத்தே வெட்டு கராத்தே அன்று. ஜப்பானின் மானங்காத்த மறவன் ஜப்பானில் பிறந்தவன் அல்லன்; ஜப்பான் அடிமைப்படுத்திய நாட்டின் மகன். மூன்றும் புனைவாயினும், அந்தத் தெருவில் நின்றவர்களின் கண்ணீர் புனைவன்று. அவர்கள் தலை நிமிர்ந்து வீடு திரும்பினர்.

கிமுராவின் வீழ்ச்சி

ரிக்கிடோசானின் வாழ்வை இரங்கத்தக்க கதையாக மட்டும் சொல்வது முறையன்று. அதே 1954 டிசம்பர் 22 அன்று, துணையாக நின்ற கிமுராவையே ஜப்பானியப் பட்டத்திற்காக எதிர்கொண்டார். கிமுரா எளியவர் அல்லர். ஜூடோவில் ஒப்பாரற்றவர் என்று போற்றப்பட்டவர். 1951இல் பிரேசில் சென்று ஹேலியோ கிரேசியை வென்றவர். முதற்போரில் சமநிலை, பின்னர் மாறி மாறி வெற்றி என்பதே தங்களுக்குள் இருந்த உடன்பாடு என்று கிமுரா பின்னர்க் கூறினார். ஆனால் போரின் இடையில் கிமுராவின் கால் தவறான இடத்தில் பட்டதாகச் சினந்த ரிக்கிடோசான், நடிப்பை விடுத்து மெய்யாகவே அடிக்கத் தொடங்கினார். காவலற்று நின்ற கிமுரா குருதி வழியச் சாய்ந்தார். பதினாறாம் நிமிடம் முடியுமுன் போர் முடிந்தது.

மல்லாடல் ஒரு கணத்தில் மற்போர் ஆயிற்று. ஆடலில் எதிரியின் கைகளில் உடலை ஒப்படைப்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் முறித்தார். கிமுரா அந்த வடுவைத் தம் இறுதிநாள் வரை மறக்கவில்லை. ரிக்கிடோசான் ஏன் அங்ஙனம் செய்தார் என்பதற்குச் சினம், பேராசை, சூழ்ச்சி எனப் பல விடைகள் உண்டு. அவற்றோடு மற்றொன்றையும் கருதலாம். நாட்டின் முதல்வன் என்ற இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் துணிவு, தன் பிறப்பை மறைத்து வாழும் ஒருவனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. சற்றே சறுக்கினாலும் யார் இவன் என்ற கேள்வி எழுந்துவிடும். இது காரணமாகலாம், ஆனால் குற்றத்தை நீக்கும் மருந்தாகாது. மாணவர்களிடம் அவர் காட்டிய கொடுமையும், குடித்தபின் கைநீட்டும் வழக்கமும், நிழலுலகக் குழுக்களோடு கொண்ட தொடர்பும் மறைக்கத்தக்கன அல்ல.

புகழின் உச்சி

அடுத்த ஆண்டுகளில் ரிக்கிடோசானின் புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. 1955 நவம்பரில் கிங்காங்கை வென்று ஆசியப் பட்டம் பெற்றார். தாராசிங்கோடு மோதிய கிங்காங் என்ற பெயரைத் தமிழகத்து முதியோர் நன்கறிவர். 1957 அக்டோபர் 7 அன்று, உலக வீரர் லூ தெஸ் டோக்கியோவின் திறந்தவெளி அரங்கில் அவரோடு அறுபது நிமிடம் பொருது சமநிலையில் முடித்தார். 1958 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தெஸ்ஸை வென்று பன்னாட்டுப் பட்டத்தைக் கொணர்ந்தார். 1959 முதல் ஆண்டுதோறும் உலக மல்லரை அழைத்துத் தொடர்போட்டி நடத்தி, ஐந்து முறையும் தாமே வென்றார்.

1962 ஏப்ரலில் பிரெட் பிளாசி என்ற அமெரிக்கர், எதிரியின் நெற்றியைக் கடித்துக் குருதி பெருக்கிய காட்சி ஒளிபரப்பானபோது, அதிர்ச்சியால் முதியோர் சிலர் இறந்ததாக நாளேடுகள் எழுதின. 1963 மே 24 அன்று டெஸ்ட்ராயர் என்னும் முகமூடி மல்லரோடு அவர் பொருததை, கணக்கெடுப்பின்படி 64 விழுக்காட்டு வீடுகள் கண்டன. அன்று மேடையில் முகமூடி அணிந்தவர் ஒருவர், அணியாதவர் ஒருவர். முகமூடிக்காரர் போர் முடிந்ததும் அதனைக் கழற்றி ஓய்வு கொள்ள இயலும். மற்றவர்க்கு அந்த ஓய்வு இல்லை.

தாழிட்ட அறை

ரிக்கிடோசானின் பிறப்பு, மல்லர் வட்டாரத்தில் சிலர்க்குத் தெரியும். இதழாளர் சிலர்க்கும் தெரியும். ஜப்பானில் வாழ்ந்த கொரியர்க்கு வாய்வழிச் செய்தியாகத் தெரியும். பொதுமக்களுக்குத் தெரியாது. கொரிய வழிவந்த பேஸ்பால் வீரர் ஹாரிமோட்டோ இசாவோ ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்துள்ளார். தம் இல்லத்திற்கு வந்த அவரை உள்ளறைக்கு அழைத்துச் சென்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு, வானொலியில் கொரியப் பாடலைத் தணிந்த ஒலியில் வைத்துக் கேட்டாராம் ரிக்கிடோசான். நாடே கேட்க முழங்கிய மனிதர், தாய்மொழிப் பாட்டை அண்டைவீட்டார்க்குக் கேளாமல் கேட்டார்.

இதற்குள் அவர் பிறந்த நாடு இரண்டாகப் பிளவுண்டிருந்தது. பிறந்த ஊர் வடகொரியாவில் சிக்கியது. அங்கே உடன்பிறந்தார் இருந்தனர். மகள் ஒருத்தியும் இருந்தாள். 1963 ஜனவரியில் அவர் தென்கொரியா சென்றார். ஜப்பானும் தென்கொரியாவும் தூதரக உறவு கொள்வதற்கு இரண்டாண்டுகள் முற்பட்ட காலம் அது. எல்லைக் கோடாகிய பான்முன்ஜோமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கடுங்குளிரில் மேலாடையைக் கழற்றி எறிந்து, வடதிசை நோக்கி உரக்கக் கூவினார் என்று பின்னாளில் எழுதப்பட்டது. கூவியது யாரை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமையனை என்பர் பலர். தித்தன் காணட்டும் என்று சாத்தந்தையார் உறையூரை நோக்கி ஏங்கினார். இங்கே ஏங்குதற்குப் புலவர் ஒருவரும் இலர். மல்லனே கூவ வேண்டியதாயிற்று.

முடிவு

1963 ஜூனில் அவர் திருமணம் செய்துகொண்டார். அடுக்குமாடி இல்லம், விளையாட்டு மாளிகை எனப் பல தொழில்களில் முதலிட்டிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8 இரவு, டோக்கியோவின் அக்கசாக்கா பகுதியில் உள்ள இரவுக் கேளிக்கை விடுதி ஒன்றில், இளைஞன் ஒருவனோடு வாய்ச்சண்டை மூண்டது. அவன் நிழலுலகக் குழு ஒன்றைச் சேர்ந்தவன். கைகலப்பில் அவன் கத்தியால் ரிக்கிடோசானின் வயிற்றில் குத்தினான். காயம் சிறிது என்றே முதலில் எண்ணப்பட்டது. அறுவை நிகழ்ந்தது. ஒரு கிழமை சென்றபின் நிலை மோசமாகி, இரண்டாம் அறுவைக்குப் பின் டிசம்பர் 15 அன்று உயிர் பிரிந்தது. வயது 39.

எந்த நிழலுலகின் துணையோடு அரங்கை வளர்த்தாரோ, அந்த நிழலிலிருந்தே கத்தி வந்தது. இதில் கதையாசிரியன் எவனும் முன்கூட்டி முடிவை எழுதவில்லை.

டோக்கியோவின் இக்கெகாமி ஹொன்மோன்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் அவருடைய கல்லறையும், கைகட்டி நிற்கும் மார்பளவுச் சிலையும் உள்ளன. அவர் கொரியர் என்னும் செய்தி ஜப்பானியப் பொதுமக்களிடையே பரவியது 1970களின் இறுதியிலும் 1980களிலுமே. அப்போதும் அந்நாட்டார் அவரைத் துறக்கவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் துறந்திருப்பார்களா என்பதற்கு விடை இல்லை. அந்த விடையின்மைக்கு அஞ்சியே அவர் வாழ்ந்தார்.

மாணாக்கர் வழி

ரிக்கிடோசானின் மாணாக்கர் மூவர் குறிப்பிடத்தக்கவர். பேஸ்பால் வீரராக இருந்து வந்த நெட்டை உருவினர் ஜயன்ட் பாபா; பிரேசிலுக்குக் குடிபெயர்ந்திருந்த இடத்தில் 1960இல் கண்டெடுக்கப்பட்ட அன்டோனியோ இனோக்கி; ஆசிரியரின் புகழ் கேட்டுக் கொரியாவிலிருந்து உரிய ஆவணமின்றிக் கடல் கடந்து வந்து பிடிபட்டு, அவர் உதவியால் மீண்ட கிம் இல். ஜப்பானில் இவரை ஓக்கி கின்டாரோ என்று அழைத்தனர்.

கிம் இல் பின்னர்த் தாயகம் திரும்பினார். 1960களிலும் 1970களிலும் தென்கொரிய ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளைத் தேடி மக்கள் திரண்டனர். தலையால் முட்டி ஜப்பானிய மல்லரை வீழ்த்தும் கிம் இல்லைக் கண்டு ஆர்ப்பரித்தனர். 1954இல் டோக்கியோத் தெருவில் நிகழ்ந்தது, திசை மாறிக் கொரியாவில் நிகழ்ந்தது. ஆசிரியர் தம் பெயரில் செய்ய இயலாததை மாணவர் தம் பெயரில் செய்தார்.

இனோக்கி 1989இல் ஜப்பானிய மேலவை உறுப்பினரானார். 1995 ஏப்ரல் 28, 29 நாள்களில், வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கின் மே தின அரங்கில் மல்லர் விழா ஒன்றை நடத்தினார். ஆசிரியர் பிறந்த மண்ணில் நின்று பொரவேண்டும் என்ற எண்ணமே தம்மை அங்கே செலுத்தியதாகக் கூறினார். இரண்டாம் நாள் அவர் ரிக் பிளேர் என்ற அமெரிக்கரை வென்றார். அரங்கில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் மறைந்து முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், அவருடைய மற்கலையை அவருடைய நாட்டார் கண்டனர். 2004இல் தென்கொரிய இயக்குநர் சோங் ஹேசோங் அவர் வாழ்வைத் திரைப்படமாக்கினார். ஜயன்ட் பாபா 1999இலும், கிம் இல் 2006இலும், இனோக்கி 2022இலும் மறைந்தனர்.

அவையோரே, நக்கண்ணையார் கண்ட ஆமூரில் களத்தைச் சூழ்ந்தோர் இரு சாராராகப் பிரிந்தனர். அது கோப்பெருநற்கிள்ளிக்கு இழிவாகத் தோன்றலாம். ரிக்கிடோசானின் வாழ்வை அறிந்தபின் அவ்வாறு தோன்றுவதில்லை. ஆமூரார் அவனை அயலான் என்று அறிந்தே பார்த்தனர். அவர்களுள் வென்றான் என்று சொன்ன ஒரு சாராரின் சொல், அறிந்து சொன்ன சொல். டோக்கியோவில் எழுந்த ஒருமித்த முழக்கம் அறியாமல் எழுந்தது. அது கிம் சின்ராக்கைச் சென்று சேரவே இல்லை. பாதிப் பேரின் மெய்யான பாராட்டு, அனைவரின் மயக்கப் பாராட்டைவிட மேலானது. அந்தப் பாதியாவது கிடைக்கும் என்ற உறுதியை ஒரு சமூகம் அயலானுக்குத் தருமானால், எந்த மல்லனும் தாய்ப்பாட்டைத் தாழிட்ட அறையில் கேட்க வேண்டியிராது.

ஆமூரில் வென்ற மகனைத் தித்தன் கண்டானா என்பதைப் புறநானூறு கூறவில்லை. ஆயினும் காணவேண்டும் என்று ஏங்கிய ஒரு புலவரின் குரல் நிலைத்துவிட்டது. ஒருவன் யார் மகன் என்பதை அறிந்து, அந்த அறிவோடு அவன் வெற்றியைப் பாடுவது இலக்கியத்தின் தொழில்களுள் ஒன்று. பத்தாண்டுகளாக அத்தொழிலைப் பேணிவரும் இவ்விலக்கிய வட்டம் நீடு வாழ்க.